புனல்வலைச் சிலந்தியும் அதன் நஞ்சும்



தில்லியில் மழைக்காலம் முடிந்து பனி மெல்ல இறங்கத் தொடங்கும் நாட்களில், விடியற்காலையில் உலாவச் செல்கின்றவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். புல்தரையின் மேல் ஆங்காங்கே வெள்ளைக் கைக்குட்டைகளை விரித்துப் போட்டாற்போல் மெல்லிய வலைகள் படர்ந்திருக்கும். பனித்துளி கோத்திருப்பதால்தான் அவை கண்ணுக்குத் தெரிகின்றன. வெயில் ஏறியதும் மறைந்து போனவை போலாகிவிடும். குனிந்து நோக்கினால், ஒவ்வொரு வலையும் ஓர் ஓரத்தில் குவிந்து, குழலாகச் சுருங்கி, புல்லின் அடியில் சென்று மறைவது தெரியும். அக்குழலின் வாயில் ஒரு சிலந்தி காத்திருக்கும். நம் காலடியின் அதிர்வு பட்டதும் உள்ளே ஓடி ஒளிந்துகொள்ளும். இது தில்லிக்கு மட்டும் உரிய காட்சி அன்று. நம் ஊர்ப்பக்கத்து வயல் வரப்புகளிலும் இதனைக் காணலாம்.

இச்சிலந்தியைப் பற்றி நான் பேச வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அது என் பிழையிலிருந்து தொடங்குகிறது.

நான் விஞ்ஞானம் படித்தவன் அல்லன். கலைப்பட்டம் பெற்று, மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாகப் பணி செய்கின்றவன். சில காலத்துக்கு முன் என் கைப்பேசிக்கு ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது. புல்தரையிலும் தோட்டத்திலும் புனல் வடிவில் வலை கட்டும் சிலந்தி கடித்தால் சில மணி நேரத்தில் மரணம் நேரலாம் என்பது அதன் சாரம். கூடவே, எங்கள் குடியிருப்பின் புல்தரையில் காண்பது போன்ற ஒரு வலையின் படமும் இருந்தது. எங்கள் குடியிருப்பில் தமிழ்க் குடும்பங்கள் பல இருக்கின்றன. அவர்களுடைய நன்மையைக் கருதி அதனை உடனே நல்ல தமிழில் பெயர்த்து எல்லோருக்கும் அனுப்பிவைத்தேன். மறுநாள் மாலைக்குள் குடியிருப்பே கலங்கிவிட்டது. பெற்றோர் குழந்தைகளைப் புல்தரையில் இறங்கவிடவில்லை. குடியிருப்போர் சங்கத்தார் மாலியை அழைத்து, புல்தரை முழுவதும் பூச்சிமருந்து தெளிக்க நாள் குறித்துவிட்டனர்.

அதன் பின்னர்தான் எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. மொழிபெயர்ப்பதற்கு முன் எழுந்திருக்க வேண்டிய ஐயம் அது. இந்த எச்சரிக்கை எந்தச் சிலந்தியைப் பற்றியது? எந்த நாட்டுக்கு உரியது? விடை தேடி நூல்களையும் ஆராய்ச்சிக் கட்டுரைகளையும் படிக்கலானேன்.

முதலில் பெயரைப் பார்ப்போம். மண்ணெண்ணெய் ஊற்றப் பயன்படும் கருவியை நாம் புனல் என்கிறோம். பழந்தமிழிலோ புனல் என்றால் ஆற்றுநீர். ஒரே சொல் இரண்டு பொருளைச் சுட்டுவது மொழிக்குப் புதிதன்று. சிலந்திகளின் பெயரிலும் இதுவே நடந்திருக்கிறது. ஆங்கிலத்தில் புனல்வலைச் சிலந்தி என்ற பெயர், வலையின் வடிவத்தைக் கண்டு, ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவில்லாத பல சிலந்திகளுக்கு இடப்பட்டுள்ளது. நம் புல்தரையில் வாழ்பவற்றுள் பெரும்பாலானவை ஹிப்பாஸா என்ற இனத்தைச் சேர்ந்தவை. இவை ஓநாய்ச் சிலந்திக் குடும்பத்தின. அக்குடும்பத்தில் பெரும்பாலானவை வலை கட்டாமல் ஓடி இரை பிடிப்பவை. ஹிப்பாஸாவோ குலவழக்கத்துக்கு மாறாக வலை கட்டுகிறது. இது மனிதரைத் தேடி வந்து கடிப்பதில்லை. தத்துப்பூச்சிகளையும் ஈக்களையும் உண்டு வாழ்கிறது.

எச்சரிக்கையில் சொல்லப்பட்ட கொடிய சிலந்தியோ முற்றிலும் வேறானது. அதன் இருப்பிடம் கிழக்கு ஆஸ்திரேலியா. குறிப்பாக, சிட்னி நகரமும் அதனைச் சூழ்ந்த மலைக்காடுகளும். அங்கிருந்து நம் புல்தரைக்கு ஒரு பெருங்கடலின் தூரம் இருக்கிறது.

அந்தச் சிலந்தியின் வரலாற்றைப் படித்தபோது, என் பிழைக்கு மன்னிப்புக் கேட்பதோடு நின்றுவிடக் கூடாது, இந்த வரலாற்றையும் நேயர்களிடம் சொல்லவேண்டும் என்று தோன்றியது.

சிட்னிப் புனல்வலைச் சிலந்திக்கு ஏட்ரக்ஸ் ரோபஸ்டஸ் என்று பெயர். ஆக்டேவியஸ் பிக்கர்ட் கேம்பிரிட்ஜ் என்ற ஆங்கிலப் பாதிரியார் 1877ஆம் ஆண்டு இதனை விவரித்துப் பெயரிட்டார். ஒரே இனம் என்று நெடுங்காலம் கருதப்பட்ட இது, உண்மையில் மூன்று இனங்கள் என்று 2025ஆம் ஆண்டு ஆராய்ச்சியாளர்கள் நிறுவினர். இதன் உடல் பளபளக்கும் கருமை நிறம் கொண்டது. ஈரமான மண்ணில், கற்களுக்கும் மரக்கட்டைகளுக்கும் அடியில் வளை தோண்டி, உட்புறம் முழுவதும் பட்டிழையால் பூசிக்கொள்கிறது. வளையின் வாயிலிருந்து நாற்புறமும் சில இழைகளை நீட்டி வைக்கிறது. வண்டோ கரப்பானோ ஓர் இழையை மிதித்தால், உள்ளே இருக்கும் சிலந்திக்கு வீட்டு மணி அடித்தாற்போல் செய்தி போய்ச் சேரும். மறுகணம் பாய்ந்து வந்து பற்றிக்கொள்ளும். அதன் நச்சுப்பற்கள் கீழ்நோக்கி அமைந்தவை. எனவே தாக்கும்போது முன்னுடலை உயர்த்தி நின்று, பிறகு கீழே குத்துகிறது.

பெண் சிலந்தி வளையை விட்டு அதிகம் வெளியேறுவதில்லை. ஆண் சிலந்தி அப்படியன்று. பருவம் அடைந்ததும் தன் வளையைத் துறந்து, பெண்ணைத் தேடி இரவில் அலைகிறது. கோடையிலும் அதற்கடுத்த மாதங்களிலும் இது மிகுதி. அந்த நாட்டில் கோடை என்பது நமக்கு மார்கழி, தை. அலைகின்ற ஆண், பொழுது விடிந்ததும் ஈரமும் இருளும் உள்ள இடம் தேடுகிறது. வீட்டு வாசலில் கழற்றி வைத்த காலணி, தரையில் கிடக்கும் துணி, சலவை செய்யும் அறையின் மூலை ஆகியவையே அதற்குப் புகலிடம். மனிதருக்கும் அதற்கும் சந்திப்பு நேர்வது இவ்வாறுதான்.

இச்சந்திப்பை ஆபத்தாக்குவது ஒன்று உண்டு. சிட்னிச் சிலந்தியில் பெண்ணைக் காட்டிலும் ஆணின் நஞ்சே மனிதனுக்குப் பன்மடங்கு கொடியது. பெண்ணே வலியது, பெரியது என்று சிலந்திகளைப் பற்றி நாம் கொண்டிருக்கும் பொதுக்கருத்து இங்கே தலைகீழாகிறது.

நஞ்சு உடலில் என்ன செய்கிறது? நரம்பின் வழியாகச் செய்தி செல்வது, வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடுவது போன்றது. நரம்பின் சுவரில் மிக நுண்ணிய மதகுகள் உள்ளன. செய்தி வரும்போது அவை திறக்கின்றன. சோடியம் என்ற உப்பின் அணுத்துகள்கள் உள்ளே பாய்கின்றன. ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் மதகுகள் மூடிவிடுகின்றன. அவ்வாறு மூடினால்தான் அடுத்த செய்திக்கு இடம் உண்டு. இச்சிலந்தியின் நஞ்சில் உள்ள ஒரு புரதம், மதகு மூடாதபடி இடையில் வைத்த கல்லைப் போல் நிற்கிறது. வெறும் 42 அமினோ அமிலங்களால் ஆன சிறிய புரதம் அது. விளைவு, நரம்புகள் ஓயாமல் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. முதலில் உதடுகளைச் சுற்றி மரமரப்பு, நாவில் துடிப்பு, பிறகு கண்ணீர், எச்சில், வியர்வை யாவும் பெருகுதல், தசைகள் இழுத்தல், இரத்த அழுத்தம் ஏறுதல், நுரையீரலில் நீர் கோத்தல். கடிபட்டவர் எல்லோருக்கும் இந்த நிலை வருவதில்லை. வந்தால் காலதாமதத்துக்கு இடமில்லை.

இங்கே ஒரு வியப்பு இருக்கிறது. இதே நஞ்சு நாய்க்கும் பூனைக்கும் முயலுக்கும் பெருந்தீங்கு செய்வதில்லை. மனிதனையும் குரங்கையும்தான் கடுமையாகத் தாக்குகிறது. மனிதன் வருவதற்கு முன் ஆஸ்திரேலியாவில் குரங்கினம் எதுவும் இருந்ததில்லை. அவ்வாறிருக்க, கண்டறியாத ஓர் உயிருக்காக ஒரு சிலந்தி நஞ்சு சேர்த்து வைத்தது எவ்வாறு? குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் முன்னின்று செய்த ஆராய்ச்சியின் விடை 2020ஆம் ஆண்டு வெளிவந்தது. வளைக்குள் இருக்கும் வரை சிலந்திக்கு நஞ்சு பூச்சிகளைப் பிடிப்பதற்கே தேவை. ஆண் வெளியே வந்து அலையும்போது, தன்னை உண்ண வரும் பிராணிகளிடமிருந்து தற்காத்துக்கொள்ள வேண்டியதாகிறது. அத்தற்காப்புக்காக வளர்ந்ததே இந்த நஞ்சு. மனித நரம்பின் மதகும் அதற்குப் பொருந்திப்போனது தற்செயல். நம்மீது பகை கொண்டு இயற்கை படைத்த ஆயுதம் அன்று அது.

ஆயினும், தற்செயல் என்று சொல்வதால் துயரம் குறைந்துவிடாது. 1927ஆம் ஆண்டில் சிட்னியின் புறநகர் ஒன்றில் இரண்டு வயதுச் சிறுவன் இச்சிலந்தி கடித்து இறந்தான். பதிவான முதல் மரணம் அது. அதிலிருந்து 1981 வரை 13 பேர் இறந்தனர். அவர்களில் குழந்தைகள் பலர். அரை நூற்றாண்டுக்கும் மேலாக, கோடை வரும்போதெல்லாம் அந்நகரத்துத் தாய்மார் காலணிகளை உதறிப் பார்த்தே குழந்தைகளுக்கு அணிவித்தனர். கடிபட்டவருக்குக் கொடுக்க மருந்து இல்லை.

மெல்போர்னில் இருந்த காமன்வெல்த் சீரம் ஆய்வுக்கூடத்தில் மருந்து காணும் முயற்சி முன்பே நடந்திருந்தது, கைகூடவில்லை. பின்னர் அப்பணியை டாக்டர் ஸ்ட்ரூவன் சதர்லாண்ட் மேற்கொண்டார். விஷமுறிவு மருந்து செய்யும் முறையை நேயர்கள் அறிந்திருக்கலாம். ஒரு பிராணிக்கு நஞ்சைச் சிறிது சிறிதாகச் செலுத்துவார்கள். அதன் உடல் அந்நஞ்சை எதிர்க்கும் பொருளை இரத்தத்தில் உண்டாக்கும். அதனைப் பிரித்தெடுத்து மருந்தாக்குவார்கள். பாம்பு நஞ்சுக்கு இப்பணியைச் செய்வது குதிரை. சதர்லாண்ட் தேர்ந்துகொண்டது முயலை. நஞ்சு முயலைக் கொல்வதில்லை என்று முன்பு சொன்னேன் அல்லவா? மனிதனைக் கொல்லும் நஞ்சைத் தாங்கி நிற்கும் அந்தச் சாதுவான பிராணியின் இரத்தத்திலிருந்தே மனிதனுக்கு மருந்து கிடைத்தது. 1981ஆம் ஆண்டு அம்மருந்து முதன்முறையாக ஒரு நோயாளிக்குச் செலுத்தப்பட்டது, அவர் பிழைத்தார். அதன்பின் நூற்றுக்கும் மேற்பட்டோர் அம்மருந்தைப் பெற்றிருக்கிறார்கள். 1981க்குப் பிறகு இச்சிலந்திக் கடியால் ஒரு மரணமும் பதிவாகவில்லை.

மருந்து கண்டுபிடித்தவரின் பெருமையோடு இக்கதை முடிந்துவிடவில்லை. மருந்துக்கு நஞ்சு வேண்டும். நஞ்சுக்குச் சிலந்தி வேண்டும். ஒரு சிலந்தியிடமிருந்து கிடைப்பதோ ஒரு சிறு துளி. ஆகவே ஆண்டுதோறும் ஏராளமான ஆண் சிலந்திகள் தேவைப்படுகின்றன. அவற்றைப் பிடித்துத் தருகின்றவர்கள் யார் தெரியுமா? சிட்னிப் பகுதியின் சாதாரணக் குடிமக்கள். வீட்டில் இச்சிலந்தியைக் கண்டால் காலால் நசுக்காமல், அகன்ற வாயுள்ள கண்ணாடிச் சாடியை அதன் முன்னே சாய்த்து வைத்து, நீண்ட கரண்டியால் உள்ளே தள்ளி மூடுகிறார்கள். அதனை ஒப்படைக்க ஊர்தோறும் இடங்கள் குறிக்கப்பட்டுள்ளன. அவை யாவும் சிட்னிக்கு வடக்கே சோமர்ஸ்பியில் உள்ள ஆஸ்திரேலிய ஊர்வனப் பூங்காவைச் சென்றடைகின்றன. அங்கே பணியாளர்கள் மெல்லிய கண்ணாடிக் குழலை நச்சுப்பற்களின் நுனியில் வைத்து, துளித்துளியாக நஞ்சை உறிஞ்சி எடுக்கிறார்கள்.

சிந்தித்துப் பாருங்கள். தன் குழந்தை உறங்கும் அறையில் ஒரு கொடிய ஜந்துவைக் கண்டவர், அதனைக் கொல்லாமல் உயிரோடு பிடித்துக்கொண்டு போய்க் கொடுக்கிறார். முன்பின் அறியாத வேறொருவரின் குழந்தை பிழைக்கட்டும் என்பதற்காக. அச்சம் அவருக்கும் உண்டு. ஆனால் அதனோடு அறிவும் சேர்ந்திருப்பதால் அது உபகாரமாக மாறுகிறது.

இது கடல் கடந்த நாட்டின் அதிசயம் மட்டும் அன்று. நம் தமிழ்நாட்டில், சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில், இருளர் மக்களின் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஒன்று இருக்கிறது. 1978ஆம் ஆண்டு தோன்றியது. பாம்புத்தோல் வாணிகம் சட்டத்தால் நின்றுபோனபோது, வாழ்வுக்கு வழி தேடிய இருளர்கள், தங்கள் முன்னோர் தந்த திறமையைக் கொண்டே நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து, நஞ்செடுத்து, மீண்டும் காட்டில் விடும் தொழிலை மேற்கொண்டனர். அந்நஞ்சு விஷமுறிவு மருந்தாகி இந்தியாவின் பல மாநிலங்களுக்குச் செல்கிறது. இன்று நீங்கள் இருக்கும் பீகாரிலோ வங்காளத்திலோ மகாராஷ்டிரத்திலோ பாம்பு கடித்த ஓர் உழவர் பிழைத்தெழுந்தால், அதில் ஓர் இருளரின் கைத்திறனும் கலந்திருக்கக் கூடும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. சிட்னிச் சிலந்தி கடித்தால், கடிவாயிலிருந்து கை அல்லது கால் முழுவதையும் அகன்ற துணிக்கட்டால் சுற்றி, அசையாமல் வைத்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்வது அங்கே வகுத்துள்ள முதலுதவி. அது அந்த நாட்டு நஞ்சுகளுக்காக வகுத்த முறை. நம் நாட்டில் பாம்பு கடித்தால், கயிற்றால் இறுகக் கட்டுவதும், கத்தியால் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும் கூடவே கூடா. கடிபட்ட உறுப்பை அசைக்காமல், காலம் தாழ்த்தாமல் மருத்துவமனைக்குச் செல்வதே வழி.

புனல்வலைச் சிலந்தியின் நஞ்சு மேலும் சில வாயில்களைத் திறந்திருக்கிறது. ஒரு சிலந்தியின் நஞ்சு ஒரே பொருள் அன்று. பல நூறு புரதங்களின் கலவை. அவற்றுள் பல பூச்சிகளை மட்டுமே தாக்குவன, மனிதனுக்குத் தீங்கற்றவை. நீலமலைப் பகுதியில் வாழும் ஒரு புனல்வலைச் சிலந்தியின் புரதத்தை ஆதாரமாகக் கொண்ட பூச்சிக்கொல்லி ஒன்று 2014ஆம் ஆண்டு அமெரிக்காவில் பதிவு பெற்றது. அதற்காகச் சிலந்திகளைப் பிடிப்பதில்லை. புளிக்கவைக்கும் நொதியத்தின் உதவியால் அப்புரதத்தை உற்பத்தி செய்கிறார்கள். குவீன்ஸ்லாந்தில் கடலோரத்தை ஒட்டிய கேரி என்னும் தீவில் கிடைத்த மற்றொரு புனல்வலைச் சிலந்தியின் நஞ்சில் உள்ள புரதம் ஒன்று, மூளைக்கு இரத்தம் தடைப்பட்டதால் உண்டாகும் சேதத்தைக் குறைப்பதாக 2017ஆம் ஆண்டு எலிகளில் கண்டறிந்தனர். தடை நேர்ந்து எட்டு மணி நேரம் சென்ற பின் கொடுத்தபோதும் பயன் தெரிந்தது. பக்கவாத நோயில் காலதாமதமே பெரும் பகை என்பதை அறிந்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும். மாரடைப்பின்போது இதயத்தின் உயிரணுக்களைக் காக்கவும் இப்புரதம் உதவக்கூடும் என்று 2021இல் ஆராய்ச்சி முடிவு வெளியாயிற்று. இவை ஆய்வுக்கூடத்தில் கண்ட முடிவுகள். மனிதருக்குரிய மருந்தாவதற்கு முன் சோதனைகள் பல கடக்கவேண்டும். எனினும், அச்சத்தினால் அச்சிலந்திகளை அடியோடு அழித்திருந்தால் இந்த நம்பிக்கைக்கே இடம் இருந்திராது.

இவற்றையெல்லாம் படித்தபின், எங்கள் குடியிருப்போர் சங்கத்தாரிடம் சென்றேன். நான் அனுப்பிய எச்சரிக்கை தவறானது என்று ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொள்வது எளிதாக இருக்கவில்லை. இருபது ஆண்டுகளாகச் சொற்களின் பொருளைச் சரிபார்ப்பதே தொழிலாகக் கொண்டவன் நான். ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்ச் சொல் சரியாகத்தான் இருந்தது; ஆனால் அச்சொல் எந்தப் பொருளைச் சுட்டியது என்று நான் பார்க்கவில்லை. சொல் சரியாக இருந்தும் செய்தி பொய்யாகிவிட்டது. அதே தமிழ்க் குடும்பங்களுக்கு இரண்டாவது கடிதம் ஒன்று எழுதி அனுப்பினேன். முதல் கடிதத்தைப் படித்த அளவு பேர் இரண்டாவதைப் படித்ததாகத் தெரியவில்லை. அச்சத்துக்குக் கால்கள் அதிகம். விளக்கம் மெதுவாகவே நடக்கிறது. ஆகையால் வீடு வீடாகச் சென்று நேரிலும் சொன்னேன்.

பூச்சிமருந்து தெளிக்கும் நாள் தள்ளிப்போடப்பட்டு, பிறகு கைவிடப்பட்டது. மாலி என்னிடம், “இத்தனை வருடமாக இந்தப் புல்லை வெட்டுகிறேன், பாபுஜி, அது என்னை ஒரு நாளும் கடித்ததில்லை. என்னை யாரும் கேட்கவில்லையே” என்றார். நாங்கள் கேட்டிருக்க வேண்டிய முதல் மனிதர் அவர்தான்.

நேயர்களே, ஊரை விட்டு வந்து வேற்று மாநிலங்களில் வாழும் நாம், புதிய மண்ணில் காணும் ஒவ்வொன்றையும் சற்று ஐயத்தோடு பார்ப்பது இயல்பு. அந்த ஐயம் விசாரணையாக வளர்ந்தால் நன்மை. வதந்தியாக வளர்ந்தால் தீமை. அடுத்த முறை பனி படர்ந்த புல்தரையில் ஒரு சிறு புனல்வலையைக் கண்டால், குழந்தைகளை அழைத்து அதனருகே அமர்ந்து பாருங்கள். கையால் தொடவேண்டாம், அதன் வீட்டைக் கலைக்கவும் வேண்டாம். குழலின் வாயில் அச்சிலந்தி காத்திருப்பதைக் காட்டி, கடலுக்கு அப்பால் இதன் பெயரையே தாங்கிய வேறொன்று இருப்பதையும், அதன் நஞ்சிலிருந்து மனிதர்கள் மருந்து கண்ட கதையையும் அவர்களுக்குத் தமிழில் சொல்லுங்கள்.